அப்பா வீட்டை எங்கள் பெயருக்கு எழுதி வைக்கிறேன் என்கிறார். வரி எவ்வளவு வரும்?

மகாராஜநகர்_மகள் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை மகாராஜநகரில் எங்கள் வீடு. அப்பாவுக்கு 76 வயது. நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அப்பாவோடுதான் இருக்கிறோம். தம்பி அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறான், கிரீன் கார்டு வாங்கியாச்சு. அம்மா 2019-ல் தவறிவிட்டாள்.

போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு. "வீட்ட ரெண்டு பேர் பேருக்கும் எழுதிட்டா எனக்கு நிம்மதி. எனக்குப் பொறவு நீங்க ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது."

மனை 1988-ல் வாங்கியது. 1990-ல் கீழ்வீடு கட்டினார். 2016-ல் தம்பி அனுப்பிய பணத்தில் மாடி எடுத்தோம், 20 லட்சம் ஆனது. மாடி வாடகைக்கு விட்டிருக்கிறது, மாசம் 9,000. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பில் இன்றைக்கு மனையும் கட்டடமும் சேர்த்து 60 லட்சம் வரும் என்றார்கள். வீரவநல்லூர் பக்கம் 60 சென்ட் வயலும் இருக்கிறது, அதையும் எழுதிவிட வேண்டும் என்கிறார்.

சொந்தக்காரர் ஒருவர், "தானமா எழுதினா பின்னால கேள்வி வரும், பத்து லட்சத்துக்குக் கிரயம் பண்ண மாதிரி போட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறார். அது சரியா? 60 லட்சம் சொத்து கைக்கு வந்தால் எனக்கும் தம்பிக்கும் வருமான வரி வருமா? அப்பாவுக்கு வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு | ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, இருபத்திரண்டு வருஷமாக ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இந்தக் கேள்வி மாசத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது எங்கள் மேசைக்கு வரும்.

அப்பா பிள்ளைக்குத் தானமாகக் கொடுத்தால் வாங்குகிற பிள்ளைக்கு வருமான வரி கிடையாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு பெற்றோரிடமிருந்து வருகிற சொத்துக்கு வரம்பே இல்லாமல் விலக்கு கொடுத்திருக்கிறது, ஆறு லட்சமானாலும் ஆறு கோடியானாலும் அதே விதிதான். கொடுக்கிற அப்பாவுக்கும் வரி கிடையாது. தானமாகவோ உயில் வழியாகவோ கைமாறுவது மூலதன ஆதாயத்துக்கான, அதாவது சொத்தை விற்று வரும் லாபத்துக்கான, கைமாற்றமே அல்ல என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. தனியாகத் தான வரி என்று ஒன்று இருந்தது, அதை 1998 அக்டோபரிலேயே எடுத்துவிட்டார்கள். செத்தவர் சொத்துக்கு வரி போடுகிற எஸ்டேட் டூட்டி 1985-லேயே போய்விட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம். அதில் பிரிவு எண்கள்தான் வேறு, இந்த விதிகள் மாறவில்லை.

கிரயம் போடச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது உங்கள் அப்பாவைப் படுகுழியில் தள்ளுகிற யோசனை. பத்திரத்தில் பத்து லட்சம் என்று எழுதினாலும் வருமான வரிக்கு வழிகாட்டி மதிப்பான 60 லட்சத்துக்கு விற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள், 50சி பிரிவு அதற்குத்தான். கையில் ஒரு பைசா வராமல் அப்பா லட்சக்கணக்கில் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டி வரும். கேட்டால் காட்ட அந்தப் பத்து லட்சம் கைமாறிய கணக்கும் இருக்காது. தயவுசெய்து அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பத்திரக்காரர்_மகன் | திங்கள், காலை 7.10

அப்பா சேரன்மகாதேவியில் பத்திர எழுத்தர், நானும் அதே தொழில். அக்கா, முத்திரைத் தீர்வைக் கணக்கையும் பாருங்கள்.

கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5,40,000. அதையே அப்பா பிள்ளைக்குத் தானமாக எழுதும் செட்டில்மெண்ட் பத்திரமாகப் போட்டால் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. ஆக 50,000-த்தில் முடிகிறது. 2023 ஜூலைக்கு முன்னால் இந்த உச்சவரம்பு 25,000, 4,000 என்று இருந்தது. ஊரில் பலர் இன்னும் பழைய தொகையை நினைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

உயில் என்றால் தீர்வையே இல்லை, பதிவதும் கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிந்து வைப்பது நல்லது.

ஒரு விஷயம், மூலப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? "அப்பா வாங்கின மனை" என்று எல்லோரும் வாயால் சொல்வார்கள். பத்திரத்தை விரித்தால் வேறு பேர் இருக்கும்.

கல்லிடை_அண்ணாச்சி | திங்கள், காலை 11.30

அம்மா, வரி விவரம் எனக்கு அவ்வளவு தெரியாது. என் கதையைச் சொல்கிறேன், உங்கள் அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் என் வீடு. திண்ணை, நடுவில் முற்றம், பின்கட்டில் கிணறு. முற்றத்து ஓரம் என் வீட்டுக்காரி வைத்த பவளமல்லி. 2012-ல் மூத்தவன் பேருக்கு முழுசாக எழுதிக் கொடுத்தேன். "எனக்கும் என் மனைவிக்கும் ஆயுள் உள்ளவரை" என்று ஒரு வரி போடலாமா என்று எழுதியவர் கேட்டார். பெற்ற பிள்ளையிடம் என்ன நிபந்தனை என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

என் மகன் கெட்டவன் இல்லை. இன்றைக்கும் தினம் போன் பண்ணுகிறான். தொழிலுக்கு வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினான், தொழில் படுத்துவிட்டது, வீடு ஏலத்துக்குப் போனது. நோட்டீஸ் ஒட்ட வந்தவர்கள் கதவில் பசை தடவும்போது நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் பேரில் ஒன்றும் இல்லாததால் என்னிடம் கேட்கவே அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இப்போது நானும் அவளும் அம்பாசமுத்திரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

பிள்ளை நல்லவனா கெட்டவனா என்று மட்டும் பார்க்காதீர்கள் அம்மா. பிள்ளைக்குக் கடன் கொடுத்தவனையும் சேர்த்துப் பாருங்கள்.

பத்திரக்காரர்_மகன் | திங்கள், பகல் 1.05

அண்ணாச்சி, வாசித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை. இதை நீங்கள் இங்கே எழுதியதே பெரிய காரியம்.

அக்கா, அண்ணாச்சி வேண்டாம் என்ற அந்த ஒரு வரிக்குப் பெயர் ஆயுட்கால அனுபவ உரிமை. அப்பா உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை அவருக்கே, அதற்குப் பிறகுதான் முழுப் பாத்தியதை பிள்ளைக்கு என்று எழுதுவது. பதிவான பத்திரத்தில் அது இருந்தால் பிற்பாடு வருகிற கடன்காரர் பிள்ளையின் உரிமையைத்தான் பிடிக்க முடியும், அப்பாவின் உரிமையைத் தொட முடியாது. தீர்வைச் சலுகையும் இதனால் போகாது.

"அப்பாவைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்பதையும் நிபந்தனையாகப் போடுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். நம் மாவட்டத்தில் அந்த மனு திருநெல்வேலிக் கோட்டாட்சியரிடமோ சேரன்மகாதேவி சார் ஆட்சியரிடமோ போகும். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்புகளை நம்பிக்கொண்டு இருப்பதைவிடப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது மேல். செட்டில்மெண்டை எழுதிக் கொடுத்தபின் மனசு மாறினால் அப்பா தனியாகப் போய் ரத்து பண்ண முடியாது. உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

வள்ளியூர்_டீச்சர் | திங்கள், மாலை 5.50

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒரே மகன், வியாபாரத்தில் இருக்கிறான். அண்ணாச்சி சொன்னதைப் படித்ததும், மருமகள் பேரில் எழுதினால் பாதுகாப்போ என்று தோன்றுகிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள். உயில் எழுதினால் அது செல்லும் என்று கோர்ட்டில் புரொபேட் வாங்க வேண்டுமாமே?

பேரேடு | திங்கள், மாலை 6.30

டீச்சர், மருமகள் பெறுகிற சொத்துக்கு அவருக்கு வருமான வரி இல்லை. ஆனால் மருமகளுக்குத் தானமாகக் கொடுத்த வீட்டிலிருந்து வாடகை வந்தால் அது உங்கள் வருமானத்தோடுதான் சேரும். வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால் அப்படிச் சேராது. அதைவிடப் பெரிய இடி, முத்திரைத் தீர்வைச் சலுகைக்கான குடும்பப் பட்டியலில் மருமகளும் மருமகனும் இல்லை. 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். மகன் பேரிலேயே ஆயுள் உரிமையோடு எழுதுங்கள், அல்லது உயிலாக எழுதுங்கள். நம் பக்கத்துச் சொத்துக்கு நம் பக்கத்தில் எழுதிய உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் இல்லை. கிறிஸ்தவர்களுக்கு இருந்த அந்தக் கட்டாயத்தை 2002-லேயே நீக்கிவிட்டார்கள்.

மகாராஜநகர்_மகள் | திங்கள், இரவு 10.15

அண்ணாச்சி எழுதியதை அப்பாவிடம் வாசித்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தார்.

உள்ளே ஒரு மஞ்சள் பை, என் கல்யாணத்துக்குத் தாம்பூலம் கொடுத்த பைகளில் மிஞ்சியது. அதற்குள் அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி மூலப் பத்திரம். மடிப்பு மடிப்பாகப் பிய்ந்து அந்துருண்டை வாசம் அடிக்கிறது. நீல மையில் கையெழுத்து. வாங்குபவர் என்ற இடத்தில் முதலில் அப்பா பேர். அடுத்த வரியில், "மேற்படியாரின் மனைவி" என்று அம்மா பேர்.

அப்பாவுக்கே ஞாபகம் இல்லை. பத்திரத்தைத் தடவிக்கொண்டே, "அவ வளையல வித்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன், அதான் சேத்து எழுதச் சொன்னேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது என்ன செய்ய? அம்மா உயில் எதுவும் எழுதவில்லை.

பத்திரக்காரர்_மகன் | செவ்வாய், காலை 6.50

நல்லவேளை அக்கா, எழுதுவதற்கு முன்னால் பார்த்தீர்கள். பங்கு குறிக்காமல் இரண்டு பேர் பேரில் வாங்கியது என்றால் ஆளுக்குப் பாதி. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவின் பாதி, அம்மா தவறிய அன்றே அப்பாவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் சமமாக இறங்கிவிட்டது. ஆறு பங்காகப் பிரித்தால் அப்பாவுக்கு நாலு, உங்களுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. அப்பா முழு வீட்டையும் எழுதியிருந்தால், அவருடையது அல்லாத இரண்டு பங்குக்கு அந்தப் பத்திரம் வெறும் காகிதம்தான். பிற்பாடு வாங்க வருபவரின் வக்கீல் முதல் பார்வையிலேயே அதைப் பிடித்துக்கொள்வார்.

பயப்பட ஒன்றும் இல்லை. அம்மாவின் இறப்புச் சான்றிதழோடு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். அதன்பிறகு அப்பா தன் நாலு பங்கை மட்டும் எழுதினால் போதும், ஆளுக்கு இரண்டாக. முடிவில் உங்களுக்கு மூன்று, தம்பிக்கு மூன்று.

பேரேடு | செவ்வாய், காலை 9.15

வரி இப்போது இல்லை என்றேன், ஆனால் வரி அழிந்துபோகவில்லை. நாளைக்கு நீங்களோ தம்பியோ விற்கும்போது அது எழுந்து வரும். அப்பா, அம்மா வாங்கிய விலைதான் உங்கள் அடக்கவிலை, அதாவது லாபம் கணக்கிட விற்ற விலையில் கழிக்கிற தொகை. அவர்கள் வைத்திருந்த வருஷங்களும் உங்கள் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

ஒரு பேச்சுக்கு 2001-ல் வீடு 4 லட்சம், 2025-26-ல் 60 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். மாடிச் செலவு 20 லட்சம் 2016-17-ல். விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி அடக்கவிலையை உயர்த்துகிற பணவீக்கக் குறியீடு சேர்க்காமல் 12.5 சதவீத வழியில் ஆதாயம் 36 லட்சம், வரி 4,50,000. குறியீடு சேர்த்தால், 2001-க்கு 100, 2016-17-க்கு 264, 2025-26-க்கு 376. நாலு லட்சம் 15.04 லட்சமாகிறது, இருபது லட்சம் சுமார் 28.48 லட்சமாகிறது. ஆதாயம் சுமார் 16.48 லட்சம், 20 சதவீத வரி சுமார் 3,29,500. இரண்டுக்கும் மேலே 4 சதவீத செஸ். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு எது குறைவோ அதைக் கட்டலாம்.

கவனியுங்கள், அந்த இரண்டாவது வழி இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். தம்பிக்குக் கிடையாது. ஒரே வீடு, ஒரே நாளில் விற்றாலும் உங்கள் பாதிக்கு சுமார் 1,65,000, அவர் பாதிக்கு 2,25,000. அதுபோக, வெளிநாட்டில் இருப்பவரிடம் வாங்குபவர் விலை எவ்வளவாக இருந்தாலும் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். இங்கே வசிப்பவர் விற்கும்போது இருக்கிற 50 லட்சம் என்ற வரம்பு அங்கே இல்லை. குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்காவிட்டால் ஆதாயத்துக்கு அல்ல, மொத்த விலைக்கே பிடித்துவிடுவார்கள். பிறகு கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும்.

மாடிச் செலவுக்கான பில்களை என்ன செய்தீர்கள்? சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி எழுதின நோட்டு, மாநகராட்சி அனுமதி வரைபடம், தம்பி அனுப்பிய பணம் ஏறின பாஸ்புக், எல்லாம் வேண்டும். அந்த 20 லட்சத்தை நிரூபிக்க முடியாவிட்டால் 12.5 சதவீத வழியில்கூட இரண்டரை லட்சம் வரி கூடுகிறது. மகன் அப்பாவுக்கு அனுப்பிய பணத்துக்கு வரி இல்லை, அதனால் மறைக்க ஒன்றும் இல்லை. இதை அப்பா இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர், "அப்பா எல்லாம் வைத்திருந்தார், எங்கே என்று தெரியவில்லை" என்றுதான் நிற்கிறார்கள்.

டெக்சாஸ்_நெல்லை | செவ்வாய், இரவு 8.20

நானும் டெக்சாஸில்தான் இருக்கிறேன் அக்கா, சொந்த ஊர் களக்காடு. உங்கள் தம்பி அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே காட்ட வேண்டும்.

அப்பா கொடுக்கும் தானத்துக்கு இங்கேயும் தம்பிக்கு வரி இல்லை. வெளிநாட்டவரிடமிருந்து ஒரு வருஷத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெற்றால் 3520 என்ற படிவம் போட வேண்டும். போடாவிட்டால் அபராதம் 25 சதவீதம் வரை போகும். உங்கள் வீட்டில் அவர் பங்கு அந்தத் தொகையைத் தொடாது.

ஆனால் விற்கும்போது பெரிய வித்தியாசம் வருகிறது. தானமாகப் பெற்றால் இங்கே அடக்கவிலை அப்பா போட்ட பழைய செலவுதான், 2001-ஆம் வருஷ மதிப்பு என்ற வசதி அமெரிக்காவில் கிடையாது. உயில் வழியாக அப்பா காலத்துக்குப் பின் வந்தால், அன்றைய சந்தை மதிப்பே அடக்கவிலை ஆகிவிடும். இந்தியாவில் தானத்துக்கும் உயிலுக்கும் வரியில் வேறுபாடு இல்லை, இங்கே இருக்கிறது. என் பங்கை அப்பாவிடம் சொல்லி உயிலாகத்தான் எழுத வைத்தேன். இந்தியாவில் கட்டும் வரியை இங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு, ரசீதுகள் இருந்தால்.

வயலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் குடியிருப்பவர் விவசாய நிலத்தைத் தானமாக வாங்கக் கூடாது, அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. வாரிசாக வரலாம், உயில் மூலம் வரலாம். செட்டில்மெண்ட் பத்திரத்தில் வீட்டோடு வயலையும் சேர்த்துத் தம்பி பேருக்கு எழுதிவிடாதீர்கள்.

மகாராஜநகர்_மகள் | வியாழன், இரவு 9.00

நேற்று ராத்திரி தம்பியோடு வீடியோவில் உட்கார்ந்து பேசினோம், அப்பாவும் இருந்தார். முடிவு இதுதான். அப்பாவின் நாலு பங்கில் இரண்டு எனக்கு, ஆயுள் அனுபவ உரிமையோடும் பராமரிப்பு நிபந்தனையோடும் செட்டில்மெண்ட். மீதி இரண்டும் வயலில் பாதியும் தம்பிக்கு, வயலின் மறுபாதி எனக்கு, பதிவு செய்த உயிலாக. மாடி வாடகை அப்பா கணக்குக்கே வரும், அவரே வருமானத்தில் காட்டுவார். நிபந்தனை போடுவதில் எனக்கு ஏதும் வருத்தமா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். அண்ணாச்சி சொன்னதைக் கேட்ட பிறகு அது இல்லாமல் நான் கையெழுத்தே போட மாட்டேன் என்றேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு இன்று காலை விண்ணப்பித்தாச்சு. கொத்தனார் கூலி நோட்டு கிடைத்துவிட்டது, அம்மா கையெழுத்தில், நாள்வாரியாக, டீ செலவு உட்பட. கம்பி பில் மட்டும் மை மங்கிப்போய் இருக்கிறது.

பேரேடு | வியாழன், இரவு 9.35

மங்கிய பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், வெயிலில் காட்டாதீர்கள். அம்மாவின் நோட்டில் ஒரு பக்கமும் கிழியாமல் பத்திரமாக வையுங்கள் தங்கச்சி. அந்த நோட்டுதான் முதல் ஆதாரம். 2001 மதிப்புக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் இப்போதே அறிக்கை வாங்கிவிடுங்கள்.

பத்திரக்காரர்_மகன் | வெள்ளி, காலை 7.00

சான்றிதழ் வந்ததும் சொல்லுங்கள் அக்கா, வரைவு எழுதித் தருகிறேன். பதியும் அன்றைக்கு அப்பாவின் ஆதார், பான், மூலப் பத்திரம், 1988-லிருந்து வில்லங்கச் சான்று, சாட்சி இரண்டு பேர். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன்று அப்பாவை நன்றாகத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. சம்மதமா என்று சார்பதிவாளர் அப்பாவிடம் நேராகக் கேட்பார், வாசித்து முடித்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். காலையில் முதல் டோக்கனாகப் பாருங்கள், அவரை ரொம்ப நேரம் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம்.